ஒரு வாய் தண்ணீர்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காட்டுக்கு ஏறும் கார்கள் வரிசை கட்டி நின்றதைச் சித்தார்த் படமெடுத்துக்கொண்டான். இவர்களெல்லாம் கூட்டத்தைப் பார்க்கக் கூட்டமாகப் போகிறவர்கள் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அங்கேயே காரைத் திருப்பி ராசிபுரம் பக்கம் விட்டான். பெங்களூரில் வேலை. விடுமுறை நாட்களில் யாரும் எட்டிப் பார்க்காத ஊர்களைப் பற்றி வீடியோ போடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கயல்விழிக்கும் ஆரம்பத்தில் அது பிடித்திருந்தது. பெயர் தெரியாத ஊர்களின் டீக்கடைகளும், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற முகங்களும் பிடித்திருந்தன. போகப் போக, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்ததும் “பாவம், எவ்ளோ வெள்ளந்தி” என்று அவன் உதட்டைச் சுழிக்கும்போது அவளுக்கு உள்ளே ஏதோ கசந்தது.

மரவள்ளிக் காடுகளைத் தாண்டியதும் புளித்த நாற்றம் காருக்குள் ஏறியது. ஜவ்வரிசி ஆலை. சித்தார்த் கண்ணாடியை ஏற்றிவிட்டான். கொஞ்ச தூரத்தில் வேப்பமரமும் கல் கட்டிய கிணறுமாக ஒரு வீடு தெரிந்ததும் நிறுத்தினான். வீட்டுக்காரி ராஜம்மாள், ஐம்பதைத் தொடாதவள், களை வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முன்பின் தெரியாதவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, கேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கேன் தண்ணீர் வேண்டாம், கிணற்றில் இறையுங்கள் என்றான் சித்தார்த். ஆலைக் கழிவு ஊறி இறங்கிக் கிணறு கெட்டுப்போய் வருஷமாகிறது, மாடுகூட மோந்துவிட்டுப் போய்விடும் என்றாள் அவள். நாற்றம் வீடியோவில் வராது என்று சிரித்தான். பித்தளைச் செம்பு இருக்கிறதா என்று கேட்டான். வந்தவர்களிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. சாமி படத்தடியில் இருந்த செம்பையே எடுத்து வந்தாள். வாளியை இறக்கி இறைத்தாள். மஞ்சளாய், நுரையோடு வந்தது. செம்பில் ஊற்றி நின்றாள்.

“அப்படியே ஒரு வாய் குடிங்கம்மா. மூஞ்சி நல்லா சிரிச்சாப்ல இருக்கட்டும்.”

ராஜம்மாள் செம்பைப் பார்த்தாள். பிறகு அவனை.

“குடிச்சே ஆகோணுங்களா சாமி?”

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. மருந்து குடிக்கச் சொன்னால் கேட்பதுபோலக் கேட்டாள். கயல்விழி எழுந்து போய்ச் செம்பை வாங்கினாள். தண்ணீர் தளும்பி, ஆலையின் அதே புளித்த நாற்றத்தோடு விரல்களில் வழிந்தது. செம்பைக் கணவனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நீ குடி.”

“விளையாடாத கயல். வாந்தி வந்துடும்.”

சாதாரணமாகத்தான் சொன்னான். சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவே இல்லை என்பது அவன் முகத்தில் இருந்தது. தினமும் பக்கத்துத் தலையணையில் பார்க்கிற முகம். மென்றுகொண்டிருந்த சோற்றில் மயிர் நெருடியதைப்போல அவளுக்கு உடம்பு கூசியது. நீட்டிய கையை இறக்கவில்லை.

“உட்ருங்க கண்ணு,” என்றாள் ராஜம்மாள்.

இதுவரை எடுத்ததே போதும் என்று முனகிக்கொண்டு சித்தார்த் காருக்குப் போய்விட்டான். கயல்விழி தண்ணீரைக் கீழே கொட்டினாள். ராஜம்மாள் சோப்பைக் கொடுத்து, கேன் தண்ணீரைச் சிக்கனமாக அவள் கையில் ஊற்றினாள். கயல்விழி கழுவி மோந்து பார்த்தாள், நாற்றம் போகவில்லை. மறுபடி தேய்த்தாள். கார் ஹாரன் அடித்தது. அவள் திரும்பவில்லை. மண்ணில் ஓடிய சோப்பு நுரையைக் கோழி ஒன்று வந்து கொத்தியது. தலையை உதறி, அலகைத் தரையில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டது.