மயில்சாமி தானே கட்டிய இணையதளம்

மயில்சாமி தன் கிரைண்டர் கடைக்குத் தானே இணையதளம் கட்டிய மறுநாள், கடையின் வாசல் 'எங்களைப் பற்றி' என்ற பகுதிக்குப் பின்னால் போயிருந்தது. அதில் அவருக்குப் பெரிய ஆச்சரியம் ஏதும் இல்லை. முந்தின நாள் மத்தியானம் கதவை எங்கே வைப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, கை தவறி அங்கேதான் இழுத்து விட்டிருந்தார்.

தெருப்பக்கம் இப்போது வெறும் சுவர். வாங்க வந்தவர்கள் பின்சந்து வழியாக வந்து, மயில்சாமியின் தகப்பனார் கோயமுத்தூருக்கு வந்து கடை போட்ட வரலாற்றை நின்றபடியே முழுசாகப் படித்த பிறகுதான் உள்ளே வர முடிந்தது. ஒரு அம்மாள் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரைண்டர் வாங்காமல் போய்விட்டார்.

விவரம் தெரிந்த ஆளை வைத்துச் செய்யலாம் என்று மனைவி வளர்மதி ஆரம்பத்திலேயே சொன்னாள். மயில்சாமி கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் இணையதளம் கட்டலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் என்பதில் தானும் சேர்த்தி என்று அவர் நம்பினார்.

"நமக்குத் தெரியாத கடையா? நாமளே பண்ணிக்கலாம் புள்ள."

"கடை தெரியுமுங்க. தளங் கட்டத் தெரியோணுமே" என்றாள் வளர்மதி.

வாசல் இடம் மாறிய அன்று காலை வளர்மதி கடைக்கு வந்தபோது அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை. காதில் மாட்டி வாய்ப்பக்கம் வளைந்த மைக். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"ஆருங்க இது?"

"டெம்ப்ளேட்டுன்னு ரெடிமேடா ஒரு மாதிரி குடுத்தாங்க, அதோட வந்த பொண்ணு. எடுக்க வழி தெரியல."

"என்ற சேர்ல உக்காந்திருக்குது."

"அந்தப் படத்த எடுத்தா அங்க வேற படம் வைக்கோணுமாம்."

"என்னுத வைங்க."

"உன்னுது வச்சுப் பாத்தேன். அளவு சேரல."

வளர்மதி மெதுவாகக் கீழே போக ஆரம்பித்தாள். நடந்து போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, கையில் சாப்பாட்டுக் கூடையோடு, கடையின் அடிப்பகுதியை நோக்கி நழுவினாள். 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்ற வரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கே எழுத்து ரொம்பப் பொடிசு. கண்ணாடி போட்டுக்கொண்டால்தான் அவள் தெரிந்தாள்.

மயில்சாமி உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவளை மேலே கொண்டுவர ஒரு பட்டனை அழுத்தினார். புகைப்படத் தொகுப்பு ஒன்று வந்தது. இன்னொன்றை அழுத்தினார். பொங்கல் வாழ்த்து வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் கடை நீண்டது. சாயங்காலத்துக்குள் பின்பக்கச் சுவரைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. சிரிக்கும் பெண் மட்டும் அசையவே இல்லை.

வரலாற்றைப் படித்து முடித்து ஒருவர் உள்ளே வந்தார்.

"சின்ன கிரைண்டர் இருக்குங்களா? மேடை மேல வைக்கற மாதிரி?"

இருக்கிறது என்று சொல்லத்தான் மயில்சாமி வாயைத் திறந்தார்.

"இங்கே உங்கள் வாசகத்தை எழுதவும்" என்று அவர் வாயிலிருந்து வந்தது.

வந்தவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு "செரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மயில்சாமிக்கு முதல்முறையாகப் பயம் பிடித்தது. கடையின் அடிக்கு நடந்து போனார். போய்ச் சேருவதற்குள் தாகம் எடுத்துவிட்டது. வளர்மதி எங்கிருந்தோ ஒரு நாற்காலி தேடிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேல வா புள்ள."

"நீங்க வச்ச எடந்தானுங்க இது."

"நான் வைக்கல. தானாப் போயிருச்சு."

"இணையதளம் பண்றவங்கள வரச் சொல்லிட்டனுங்க" என்றாள். "நாளைக்கு வருவாங்க."

மறுநாள் காலை வளர்மதி புதுச் சாப்பாட்டுக் கூடையோடு வந்தபோதும் நேராக அடிக்குத்தான் நழுவினாள். பிறகு வந்தவள் பெனாசிர். இணையதளம் வடிவமைப்பதே அவள் தொழில். அவள் பின்சந்துக்குப் போகவில்லை. தெருப்பக்கச் சுவரைக் கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "எல்லாரும் இங்கதான் கதவைத் தேடுவாங்க" என்றாள். அதன்பிறகு அங்கே கதவு இருந்தது.

உட்கார்ந்து டீ குடித்தாள். கடையைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

"எப்ப ஆரம்பிப்பீங்க அம்மிணி?" என்று கேட்டார் மயில்சாமி.

"ஆரம்பிச்சிட்டேன் சார்."

எழுந்து ஒரு சாக்குப் பையை விரித்தாள். அழகுக்கென்று மயில்சாமி கடை நடுவே சுற்ற விட்டிருந்த நட்சத்திரத்தை எடுத்து உள்ளே போட்டாள். ஓடிக்கொண்டிருந்த சிவப்பு எழுத்துகளை வால் பக்கம் பிடித்துச் சுருட்டினாள். மேலிருந்து விழுந்துகொண்டிருந்த ரோஜா இதழ்களிடம் வந்தபோது மயில்சாமிக்கு மனசு கேட்கவில்லை.

"அந்தப் பூ விழறது நானாக் கண்டுபிடிச்சது, அம்மிணி."

"நல்லா விழுது சார்" என்று சொல்லிக்கொண்டே பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கேட்டாள். "உங்க கடைக்கு வர்றவங்க முதல்ல என்ன கேப்பாங்க?"

மயில்சாமி தொண்டையைச் செருமினார். அதிர்ஷ்டவசமாகச் சொந்த வார்த்தைகள் வந்தன. "கல்லோட தரத்தப் பத்திக் கேப்பாங்க. எந்த மலைக் கல்லுன்னு."

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "ஒத்த ஆளாத் தூக்கிக் கழுவ முடியுமான்னுதான் கேப்பாங்க. வர்ற எல்லாரும்."

பெனாசிர் அந்தத் திசையைப் பார்த்தாள். "அது யாரு?"

"என்ற வீட்டுக்காரி."

"அவங்கதான் சார் மேல இருக்கணும்."

மயில்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. கேள்வி கேட்பவர்கள் அத்தனை பேரும் இவரைத் தாண்டி வளர்மதியிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்நேரம் அவர் குடோனில் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தன் கடையை யாரோ இப்போதுதான் அவருக்கு அறிமுகம் செய்து வைத்த மாதிரி இருந்தது.

"செரி, மேல வைங்க அம்மிணி."

"இடம் பண்ணித் தர்றது என் வேலை. கூட்டிட்டு வர்றது உங்க வேலை."

"நான் இழுத்தாக் கை தவறுது."

"இத மவுஸால இழுக்க வேண்டாம் சார்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிக்குப் போனார். வளர்மதி எழுந்திருக்கவில்லை. நாற்காலியோடு சேர்த்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பொங்கல் வாழ்த்து வரைக்கும் இழுத்து வந்தார்.

"அளவு சேரலைன்னீங்க" என்றாள் அங்கே வந்ததும்.

"அந்தக் கட்டம் செரியில்ல. அதச் சொல்லியிருக்கோணும். உன்னையச் சொல்லிப்போட்டேன்."

அவள் கூடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

"செவுத்துல இடிக்காம இழுங்க" என்றாள்.

அவர்கள் தாண்டத் தாண்டப் பின்னால் ஒவ்வொரு பகுதியாக மடிந்தது. மேலே வந்து சேர்ந்தபோது கடை பழைய நீளத்துக்கு வந்திருந்தது. சிரிக்கும் பெண் எழுந்து இடம் விட்டாள்.

"பேரென்ன கண்ணு?" என்று கேட்டாள் வளர்மதி.

"இங்கே பெயர்" என்றாள் அந்தப் பெண்.

"சாப்பிட்டயா?"

அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை போல. சிரிப்பை மூடினாள். வளர்மதி கூடையைத் திறந்து தக்காளி சாதம் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் மைக்கை ஒதுக்கிவிட்டு முழுசும் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, பக்கத்து மெத்தைக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரர் அன்றைக்குத்தான் தானே ஒரு இணையதளம் கட்ட உட்கார்ந்திருந்தார்.

மயில்சாமி இன்னொரு நாற்காலி கொண்டுவந்து வளர்மதிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நன்றாகத்தான் இருந்தது.

"போன்ல எப்படி வருதுன்னு ஒருக்கா பாத்துடறேன்" என்றாள் பெனாசிர்.

கடை இரண்டு பக்கமும் நெருங்கியது. கிரைண்டர்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போய் நின்றன. சுவர்கள் நாற்காலிகளை நெருக்கின.

"பக்கத்துல பக்கத்துல வராது சார். ஒருத்தர் கீழ போகணும்."

மயில்சாமி எழுந்தார். தன் நாற்காலியை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். அதற்காக அவர் வருத்தப்படவில்லை. அங்கே குளிர்ச்சியாக இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"எங்க போறீங்க?" என்றாள் வளர்மதி. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பாதி நாற்காலி கிடைத்தது. மயில்சாமி அதில் ஒண்டி உட்கார்ந்தார். பெனாசிர் போனைச் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டுச் சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தெருப்பக்கக் கதவு திறந்தது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒருவர் பின்னால் ஒருவராக உள்ளே வந்தது.

"ஏனுங்க, இது சத்தம் போடுங்களா?" என்று ஒரு கிரைண்டரைத் தொட்டுக் கேட்டாள் புதுப்பெண்.

"போடும்" என்றார் மயில்சாமி.

"பழகிப் போயிரும்" என்றாள் வளர்மதி.