ஆபீசுக்கு எதிர்ப்பக்கம்

இஸ்திரி என்ற பட்டப்பெயர் அவனுக்கு ஜெயிலுக்குள்ளே வந்தது. ஆறு வருஷம் சிறைச் சலவைக்கூடத்தில் காக்கிச் சட்டைகளுக்குப் பெட்டி போட்டான். பரோலில் வெளியே வந்த பிறகும் ஒரு லாண்டரியில் அதே வேலை. இன்னும் நாலு வருஷத் தண்டனை பாக்கி. வாரம் ஒருமுறை ஐந்து மணிக்குள் பரோல் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று சில்லறைக் குற்றம் சேர்ந்தாலோ, ஒரு கையெழுத்துத் தவறினாலோ மறுபடி உள்ளே.

இரண்டு சேர்ந்துவிட்டன. டிக்கெட் மெஷின் பழுதான பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போனது ஒன்று. சிவப்பு விளக்கில் ரோட்டைக் கடந்தது இன்னொன்று. ஊரோடு சேர்ந்துதான் கடந்தான், மாட்டியது அவன் மட்டும். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"சின்ன விஷயம்தாங்க. ஆனா எழுதித்தானே ஆகணும்?" என்று ஆபீசர் சிரித்த முகமாகவே எழுதினார்.

இன்று நாலே காலுக்கே ஆபீசின் எதிர்ப்பக்கம் வந்துவிட்டான். அந்தப் பக்கம் ஆபீஸ் வாசலில் மனைவியும் ஏழு வயது மகளும் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டதும் மகளுக்கு ஷூ வாங்கப் போகிறார்கள். விளக்கு சிவப்பு. நின்றான்.

பத்து நிமிஷம் ஆயிற்று. சிவப்பு. சனம் பாட்டுக்கு அவனை இடித்துக்கொண்டு கடந்தது.

"என்னண்ணே, கால் சுளுக்கா? வண்டி ஒண்ணும் வரலையே!" என்று ஒருவன் கேலி பண்ணிவிட்டுப் போனான்.

அடுத்த சிக்னலுக்கு ஓடினான். அது பச்சையாகத்தான் இருந்தது. அவன் போய் நிற்கவும் சிவந்தது. கால்மணி நேரம் நின்றும் மாறவில்லை. திரும்பி ஓடி வந்தான். ரோட்டில் இப்போது ஈ காக்கா இல்லை. இவ்வளவு பெரிய ரோடு பட்டப்பகலில் எப்படிக் காலியாகும்? எந்தக் கடையிலிருந்தும் பேச்சுச் சத்தம் வரவில்லை.

மனைவி போன் பண்ணினாள். "அங்கேயே நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? மணி அஞ்சாகப் போகுது, வாங்க!"

"மாடி ஜன்னலைப் பாரு."

பார்த்தாள். ஆபீசர் கையில் நோட்டோடு நின்றிருந்தார். அவள் மாடிக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்து, மூச்சிரைக்கப் போனில் சொன்னாள். "நேர்லதான் வந்து போடணுமாம். எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேங்க."

"சிக்னல் மாறலன்னு சொன்னியா?"

"சொன்னேன். அவரும் அதைத்தான் பாத்துட்டிருக்காராம்."

போனால் மூன்றாவது குற்றம். நின்றால் கையெழுத்து போச்சு. ஒரு காலை ரோட்டில் இறக்கினான். ஜன்னலில் பேனா மூடி திறந்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். விளக்கைப் பார்த்து, "மாறித் தொலையேன்" என்று வாய்விட்டு அழுதான்.

ஐந்து மணிக்கு ஆபீஸ் ஷட்டர் இறங்கியது. அப்போதுதான் பச்சை விழுந்தது. எங்கிருந்தோ சனமும் வண்டிகளும் வந்தன. ஆபீசர் பையை மாட்டிக்கொண்டு நிதானமாகக் கடந்து இந்தப் பக்கம் வந்தார்.

"கையெழுத்து இல்லாம போச்சேங்க," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "காலையில வண்டி அனுப்பறேன். ரெடியா இருங்க."

"நான் கடந்து வந்திருந்தா, சார்?"

"அதையும் எழுதியிருப்பேன்."

பின்னாலேயே மகள் ஓடி வந்து அவன் விரலைப் பிடித்தாள். "பச்சை விழுந்துடுச்சுப்பா. கடை மூடிடுவாங்க, வாங்க போலாம்!"

அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். அவனுக்குக் கால் எழவில்லை.