எதிர்வீட்டு சோபா

காலையிலிருந்தே மகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்விக் கடன் அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருவது பதினொரு மணிக்கு. சான்றிதழ்களை நகலெடுக்க நின்ற ஜெராக்ஸ் கடை வரிசையோ நகர்வதாக இல்லை. லிஃப்ட் மெக்கானிக் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்தக் கடன். அந்த விஷயத்தில் தங்கள் வீட்டை யாரும் மிஞ்ச முடியாது என்று அவள் தைரியமாக இருந்தாள்.

மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தவள், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் திகைத்தாள். நடுவில் பச்சை சோபா. சுவரோரம் ஆளுயர ஃப்ரிட்ஜ். இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா சோபா நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இதெல்லாம்?"

"எதிர்வீட்டுக்காரரோடதும்மா. ரெண்டு மணி வரைக்கும் கேட்டு வாங்கியிருக்கேன். அவரும் ஒரு கை பிடிச்சாரு."

அப்பாவுக்குக் கார் நிறுத்துமிடத்தில் காவல் வேலை. முன்பு ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டபோது பார்க்க வந்த ஆள், வெறும் வீட்டைக் கண்டு, "இவங்க எங்க திருப்பிக் கட்டப் போறாங்க" என்று வாசலோடு போய்விட்டான். அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. இந்த முறை விடக் கூடாது என்று முதுகு ஒடியச் சுமந்திருக்கிறார். ஒரு வார்த்தை மகளைக் கேட்டிருக்கலாம். கேட்டுச் செய்கிற பழக்கம் அப்பாக்களுக்கு ஏது?

"இல்லாதவங்களுக்குத்தான்பா இதைத் தர்றாங்க."

"இல்லாதவனுக்கு எவன்மா கடன் தருவான்? பேசாம இரு."

மணி பத்து ஐம்பது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசிப் புரியவைக்க நேரமில்லை என்று சோபாவின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டாள். மகள் தனியாக இழுப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அவரும் மறுபக்கத்தைப் பிடித்தார். பாதி வெளியே போனதும் அது வாசலில் வசமாகச் சிக்கிக்கொண்டது. சத்தம் கேட்டு மாடிப்படியில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. அவர்களுக்கு நடுவே கோப்பும் கையுமாக அதிகாரியம்மா ஏறி வந்தார்.

"உள்ள கொண்டு போறீங்களா, வெளிய எடுக்கிறீங்களா?"

"உள்ளதான் மேடம். புதுசா வாங்கினது," என்றார் அப்பா, மூச்சு வாங்க. "நமக்கு ஒரு குறையும் இல்ல. கடனைத் தவறாம கட்டிடுவோம்."

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். மகள் வாயை மூடிக்கொண்டால் படிப்பு போச்சு. திறந்தால் இத்தனை பேர் முன்னால் அப்பாவின் மானம் போச்சு.

"இது எங்களோடது இல்ல மேடம்," என்றாள். "ஃப்ரிட்ஜும் இல்ல. அப்பா பொய் சொல்றாரு."

கடைசி வார்த்தைகளை விழுங்கியிருக்கலாம். பதற்றத்தில் குரல் வேறு உச்சத்துக்குப் போய்விட்டது. படியில் யாரோ கனைத்தார்கள்.

அப்பா சோபாவை உள்ளே இழுத்து வழிவிட்டார். இருந்த ஒரே அறையை அதிகாரியம்மா சுற்றிப் பார்த்தார். அந்த ஃப்ரிட்ஜுக்கு பிளக் மாட்டக்கூட வீட்டில் இடமில்லை. சிரிக்காமல் ஒரு தாளை நீட்டினார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மகளின் படிப்புச் செலவை ஏற்க எனக்கு வசதியில்லை என்று அதில் இருந்தது. அப்பா ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னைக்கே எழுதி அனுப்பிடறேன். வியாழக்கிழமை பணம் போயிடும்," என்று சொல்லிவிட்டு அதிகாரியம்மா படியிறங்கினார்.

துள்ளிக் குதிக்க வேண்டியவளுக்கு அழுகை முட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் சோபாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அப்பா மறுபக்கத்துக்கு வந்தார். உடனே தூக்கவில்லை.

"நீ சொன்னது சரிதாம்மா," என்றார், அவளைப் பார்க்காமல். "கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்."