பின் டயர் காற்று

மச்சானும் மாப்பிள்ளையும் கூட்டாகத் தொழில் செய்தால் சீக்கிரமே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள் என்று எல்லோரும் ஆரூடம் சொன்னார்கள். சொன்னவர்கள் வாயில் மண். மச்சான் மாப்பிள்ளையின் மனைவிக்கு அண்ணன், பிக்கப் வண்டி ஓட்டுவார். மாப்பிள்ளை வேலை பிடிப்பான், வண்டியைப் பராமரிப்பான். வண்டிக்குப் பின்னால் டிரெய்லர், அதன்மேல் மண் தோண்டும் இயந்திரம். டிரெய்லரைப் பூட்டியதும் வண்டி டயர்களில் காற்று பார்ப்பது மாப்பிள்ளையின் வேலை. மச்சான் ஒருநாளும் அதில் கை வைத்ததில்லை.

பழைய டயர்கள் தேய்ந்து வழுக்கையானதும் இருவரும் டயர் கடைக்குப் போனார்கள்.

"அளவு ஒண்ணுதானே மாப்ள? கார் டயரே போதும். விலையும் கம்மி" என்றார் மச்சான்.

கடைக்காரர் ஒரு டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து அங்கிருந்த எண்ணைக் காட்டினார். "எவ்வளவு எடை தாங்கும்னு இதுலதான் இருக்கு. கார் டயரைப் போட்டு அந்த டிரெய்லரை இழுத்தா இறக்கத்துல வெடிச்சிரும்."

"யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசாதீங்க மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்தான். அதிக எடை தாங்கும் கனத்த டயர்களையே மாட்டினார்கள்.

"இதுக்குக் காத்து முழுசா இருக்கணும். குறைஞ்சா இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை" என்றார் கடைக்காரர். மாப்பிள்ளை பெரிய மனுஷன் போலத் தலையாட்டினான். காதில் வாங்கிக்கொள்ளாமல் இல்லை.

சுமை இல்லாதபோது அந்த டயர்கள் கல்லாக இருந்தன. மறுநாள் நிறைமாத மனைவியை டாக்டரிடம் அழைத்துப் போக அந்தப் பிக்கப்பை விட்டால் வேறு வண்டி இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் கதவுப் பிடியைப் பற்றி உதட்டைக் கடித்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திரும்பும்போது அவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஓரமாக நிறுத்திப் பின் டயர்களில் பாதிக் காற்றை இறக்கினான்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, நீ படு. இனிமே மெத்தை மாதிரி போகும்."

அப்படித்தான் போனது. அவன் தோளில் சாய்ந்து அவள் தூங்கிப்போனாள். அவளுக்கு அரண்மனையே கட்டிக் கொடுத்தவன் போல அவன் பூரித்துப்போனான். நாளைக்கு மத்தியானம்தானே வேலை, காலையில் காற்று அடித்துக்கொள்ளலாம் என்று வண்டியை மச்சான் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தான்.

வேலைக்குக் கூப்பிட்டவர் அவசரக்காரர். மறுநாள் விடிந்ததுமே வரச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அலைந்தவன் தூங்கட்டும் என்று மச்சான் தானே டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளை நேற்றுத்தான் வண்டி எடுத்தான், காற்றைப் பார்க்காமலா இருந்திருப்பான்? அந்த நம்பிக்கைதான்.

காற்று அடிக்க வந்த மாப்பிள்ளை மச்சான் வீட்டு வாசல் காலியாக இருந்ததைப் பார்த்தான். போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடாதீங்க என்று சத்தியம் வாங்கியவனே அவன்தான். பக்கத்து வீட்டு பைக்கை வாங்கிக்கொண்டு பறந்தான். மலை இறக்கத்தில் மூன்றாவது வளைவில் கூட்டம் நின்றது. பின் டயர் வெடித்திருக்கிறது. டிரெய்லர் தள்ளிய தள்ளில் வண்டி பாறையோடு அப்பளமாகிக் கிடந்தது. மச்சானை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆனது.

எல்லாம் முடிந்த மறுவாரம் அத்தை, மச்சானைப் பெற்றவள், டயர் கடைக்குக் கிளம்பினாள். மகளும் மருமகனும் பின்னால் ஓடினார்கள்.

"படுபாவி! மட்ட டயரைத் தலையில கட்டி என் பிள்ளையைக் கொன்னுட்டியே!"

தெருவே கூடிவிட்டது. கிழிந்த டயரை ஏற்கெனவே போய்ப் பார்த்து வந்திருந்தார் கடைக்காரர். "அம்மா, டயர் நல்ல டயர்தான். காத்து இல்லாம ஓடிச் சூடேறி உள்பக்கம் கருகியிருக்கு. காத்தை யார் பார்த்தது?"

அத்தை மருமகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"நான்தாம்மா" என்றாள் மனைவி. "முதுகு வலிக்குது, காத்தை இறக்குங்கன்னு நான்தான் அடம்பிடிச்சேன். இவரு முடியவே முடியாதுன்னாரு. நான்தான் கேக்கலை."

அத்தை கையை ஓங்கினாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

'அவ கேக்கவே இல்லை அத்தை.' இவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டியது. நெஞ்சுக்குள் சொல்லிப் பார்த்தான். மனைவி அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஆம்பிளைதான், தைரியசாலிதான். வாயைத் திறக்கவில்லை.

"பொண்டாட்டி அழுதா நீங்க என்னதான் பண்ணுவீங்க மாப்பிள்ளை" என்று அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இனிமே நீங்கதான் பிள்ளை. வாங்க, வீட்டுக்குப் போவோம். அவ வர வேண்டாம். என் வாசப்படியை அவ மிதிக்கக் கூடாது."

அவன் கையை உதறவில்லை. அத்தையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். மனைவி முதுகில் ஒரு கையை வைத்தபடி கடை வாசலிலேயே நின்றாள். கடைக்காரர் அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.