எண்ணிக்கொண்டிருந்தவள்

விற்பனை இலக்கைத் தாண்டிய டீலர்களை அந்த வருடம் உரக் கம்பெனி தாய்லாந்துக்கு அழைத்துப் போனது. செஞ்சியில் கடை வைத்திருக்கும் தங்கராஜும் மனைவியோடு போயிருந்தான். மூன்றாம் நாள் காலை எல்லாரையும் படகில் ஏற்றி நடுக்கடலில் நிறுத்தினார்கள். நீச்சல் தெரியாதவர்களும் முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் ஸ்கூபா இறங்கலாம், கூடவே ஆள் வரும் என்றார்கள். டீலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் போறேன்" என்று எழுந்தவள் தங்கராஜின் மனைவி ஜெயசுதா.

"சுதா, நீயா?" பதினாறு வருடக் குடித்தனத்தில் அவள் ஒரு கிணற்றை எட்டிப் பார்த்துக்கூட அவன் கண்டதில்லை.

"விடு தங்கராஜு. அவங்க எறங்கட்டும், நம்ம மேல நின்னு போட்டோ புடிப்போம். அதுக்கும் ரெண்டு ஆம்பள வேணுமில்ல?" என்றார் வல்லத்து டீலர் துரைக்கண்ணு. படகே சிரித்தது.

ஜெயசுதா சிரிக்கவில்லை. ஒன்பது வயதில் அவள் வயற்கிணற்று மேட்டில் நின்று எண்ணினாள். அண்ணன் ரஞ்சித் முங்கித் தம் கட்டுவான். அவள் உரக்க எண்ண வேண்டும். கோடை விடுமுறையில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. அன்றைக்கு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அண்ணன் ஜெயிக்கிறான் என்று கைதட்டிக்கொண்டே எண்ணினாள். இருநூற்றுப் பத்தில்தான் பயம் வந்தது. மோட்டார் பைப்புக்கு அடியிலிருந்து அவனை எடுத்தார்கள். எண்ணியதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. தன் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கீழேயே இருந்துவிட்டான் என்பது இருபத்தெட்டு வருடமாக அவளுக்குள் கிடந்தது. கீழே அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

கூட வந்த தாய்லாந்துப் பெண் சைகையில் சொல்லிக்கொடுத்தாள்: எது நடந்தாலும் மூச்சை நிறுத்தக் கூடாது. ஜெயசுதா தலையாட்டினாள். ஆனால் தண்ணீர் தலைக்கு மேல் ஏறியதும் தம் கட்டிவிட்டாள். வாயில் குழாய், முதுகில் சிலிண்டர் நிறையக் காற்று, அவளோ கன்னம் உப்பக் கிடந்தாள். தண்ணீருக்குள் மூச்சு விட்டால் செத்துப்போவாய் என்று கேட்டு வளர்ந்த உடம்பு அது. அந்தப் பெண் அவளை மேலே கொண்டுவந்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவள் ஜெயசுதாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அப்படியே காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து ஜெயசுதா மூச்சை விட்டாள். பிறகு இழுத்தாள். காற்று வந்தது.

பாறையோரம் மஞ்சள் மீன்கள் கூட்டமாகப் போயின. அவள் அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சம் கசங்கிக் கசங்கி விரிந்தது. தன் மூச்சின் சத்தத்தைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

படகில் ஏறியதும் தங்கராஜ் துண்டை நீட்டினான். "காது அடச்சிப் போச்சா இன்னா? எத்தினி வாட்டி கூப்ட்டேன்!"

"எப்போ?"

"நீ மூணாவது தபா முங்குனதுல இருந்து. ரெண்டு தபா மேல வந்துட்டு மறுபடியும் போறியே, போதும் ஏறி வந்துடுன்னு கத்துனேன்."

"கத்துனானா? கம்பெனிக்காரனே மெரண்டுட்டான். நானும் சேந்து கத்துனேம்மா," என்றார் துரைக்கண்ணு.

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"நெசமாவா? தலைக்கு நேரா நின்னு கத்துனேன் சுதா."

படகு திரும்பியது. அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு அவள் குரல் கேட்டிருக்காது. அவளுக்காக அவன் கீழே இருக்கவில்லை. அப்படியென்றால் துணைக்கு ஒரு குரல்கூட இல்லாமல்தான் போயிருக்கிறான். இரண்டில் எது பெரிய பாரம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கரை தெரிந்தது.

"ஏங்க," என்றாள் கடைசியில். "எங்க அண்ணன் செத்தப்போ நான் அங்கதான் நின்னுட்டு இருந்தேன்."

துரைக்கண்ணு எழுந்து படகின் மறுகோடிக்குப் போனார்.

தங்கராஜ் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "சொல்லு," என்றான்.