முதலில் பேசுகிறவர்

பியூமா அந்த மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மாற்றலாகி வந்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. கட்டடத்துக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் வக்கீலின் வாய் அசைவது மட்டும் தெரியும். சிவில் அமர்வின் தலைவர் கன்யிந்தா அதற்காக எழுந்து போகவும் மாட்டார், வாய்தா போடவும் மாட்டார். மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, மழை ஓயும்வரை சுவரைப் பார்த்தபடி இருப்பார். அவர் அசையாதபோது மற்றவர்கள் எப்படி அசைவது? கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

அவரைப் பற்றி ஊரில் சொல்லாதவர்கள் இல்லை. சொந்த அக்காள் மகன் ஒரு வழக்கு விஷயமாக வீட்டுக்கு வந்தபோது, தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாசலோடு அனுப்பியவராம். ஒரு கையெழுத்து குறைந்தாலும் வழக்குக் கட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். "அவரு மனுஷன் இல்லம்மா, சட்டப் புத்தகத்துக்கு அங்கி மாட்டி விட்டிருக்காங்க" என்று முதல் நாளே டவாலி அவளிடம் சொன்னான்.

முன்பு இருந்த சிறிய ஊரில் பியூமா தனி நீதிபதி. மேடையில் ஒரே நாற்காலி. அவளே கேட்பாள், அவளே யோசிப்பாள், அவளே தீர்ப்பு சொல்வாள். இங்கே எதுவும் தனியாக நடப்பதில்லை. மாவட்டக் கோர்ட்டுகளில் தோற்றவர்களின் வழக்குகள் கயிறு கட்டிய கட்டுகளாக லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து சேரும். தலைமை எழுத்தர் எண் போட்டு, எந்தக் கட்டு எந்த நீதிபதிக்கு என்று பிரிப்பார். விசாரணைக்கு மூன்று பேர் உட்கார வேண்டும். நடுவில் கன்யிந்தா, அவருக்கு வலப்பக்கம் பகாஜிக்கா, இடப்பக்கம் புதிதாக வந்த பியூமா. அரசு வழக்கறிஞருக்குத் தனி மேசை. அவர் தன் கருத்தைச் சொல்லலாமே தவிர, தீர்ப்புக்காக மூவரும் உள்ளறைக்குப் போகும்போது கூட வரக்கூடாது. எழுத்தருக்கும் அந்த அறையில் இடமில்லை.

உள்ளறைக்கு ஒரு விதி உண்டு. பணியில் இளையவர்தான் முதலில் பேச வேண்டும், தலைவர் கடைசியில். மூத்தவர் வாய் திறந்துவிட்டால் இளையவருக்குச் சொந்த வாய் இருக்காது என்று யாரோ விவரம் தெரிந்தவர் எழுதி வைத்தது. அங்கே யார் என்ன சொன்னார் என்பது வெளியே போகக் கூடாது, சாகும்வரை. வெளியே வருவது ஒரே தீர்ப்பு, அதன் அடியில் மூன்று கையெழுத்து.

பியூமாவின் பெயருக்கு வந்த முதல் கட்டுகளில் ஒன்று மிசெங்காவின் வழக்கு.

மிசெங்கா சந்தையில் மரவள்ளி மாவு விற்கிறவள், விதவை. புருஷன் செத்த மறு வருஷம் அவனுடைய தம்பி லுக்குசா, அந்த வீடு எங்கள் குடும்பத்துடையது என்று வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டான். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின் நகலைக் கோர்ட்டுச் சேவகனான அமீனா கொண்டுபோய்க் கொடுத்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு ஓடும். மிசெங்கா அந்தக் கெடு முடிந்து வெகு நாள் கழித்துத்தான் மேல்முறையீடு செய்திருந்தாள். அதைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட வேண்டும் என்பது லுக்குசாவின் வக்கீலுடைய வாதம்.

விசாரணையில் கன்யிந்தா அமீனாவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"தீர்ப்பு நகலை யார் கையில குடுத்தீங்க?"

"வீட்டுலதான் குடுத்தேன் ஐயா. அந்தம்மா சந்தைக்குப் போயிருந்துச்சு. முற்றத்துல ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரு. நான் இந்த வீட்டு ஆளு, சொந்தக்காரன்னாரு. வாங்கிக் கையெழுத்தும் போட்டாரு."

"அவர் இங்க இருக்காரா?"

அமீனா தலையைச் சொறிந்துகொண்டு லுக்குசாவைக் காட்டினான். கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

லுக்குசா தயங்கவே இல்லை. "நான் சொந்தக்காரன் இல்லையா ஐயா? அண்ணன் பொண்டாட்டிதானே அவ? அதே முற்றத்துல பின்கட்டுலதான் நானும் இருக்கேன். வாங்கி வச்சேன். அவகிட்ட சொல்லவும் செஞ்சேன்."

"சொன்னானா?" என்றாள் மிசெங்கா, யாரையும் பார்க்காமல். "கூரை ஓட்டைப் பிரிக்க ஆளோட வந்து நின்னான். அப்பதான் எனக்குத் தெரியும் ஐயா."

கன்யிந்தாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குறித்துக்கொண்டார். அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

மறுநாள் உள்ளறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பகாஜிக்கா பருத்த மனிதர், சிரிப்பு முகம். வறுத்த நிலக்கடலைப் பொட்டலம் இல்லாமல் தீர்ப்பு பேச வரமாட்டார். பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். கன்யிந்தா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பியூமாவின் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க."

பியூமா தயாராகத்தான் வந்திருந்தாள். சட்டம் தெளிவாக இருந்தது. ஆள் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுத்தால் போதும். கொழுந்தன் உறவினன். வீடும் அதே வீடு. கெடு முடிந்துவிட்டது. காலக்கெடு என்பது நீதிபதி இரக்கப்பட்டு நீட்டிக்கொடுக்கக் கூடியது இல்லை. இதையெல்லாம் கோர்வையாகச் சொன்னாள். "அந்தம்மாவோட நிலைமை எனக்குப் புரியுது. ஆனா மேல்முறையீட்டை நாம ஏத்துக்க முடியாது" என்று முடித்தாள். நன்றாகப் பேசியதாகவே அவளுக்குப் பட்டது.

பகாஜிக்கா ஒரு கடலையை உடைத்தார். "சட்டத்துல சொந்தக்காரன்னு போட்டிருக்கு, சரி. எதிராளியே சொந்தக்காரனா இருந்தா? என் வீட்டுச் சாவியத் திருடன்கிட்டயே குடுத்துட்டுப் போற மாதிரில்ல இருக்கு. நான் ஏத்துக்கலாங்கறேன். வீடும் அந்தப் பொம்பளைக்குத்தான்."

இனி தலைவர் பேச வேண்டும். தன் பக்கம்தான் வருவார் என்பதில் பியூமாவுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கையெழுத்துக்காகக் கட்டைத் திருப்பி அனுப்புகிறவர் கெடு தாண்டிய மேல்முறையீட்டையா தொடுவார்?

"நகல் குடுக்கறது எதுக்கு?" என்றார் கன்யிந்தா. "தோத்தவங்களுக்குத் தோத்தது தெரியணும்னு. தெரியக்கூடாதுன்னு நினைக்கிற ஒரே ஆள் கையில அதைக் குடுத்தா, குடுக்கவே இல்லைன்னுதான் அர்த்தம். கெடு அன்னிக்கு ஓட ஆரம்பிக்கல. மேல்முறையீடு செல்லும். வீட்டைப் பத்தி நான் பகாஜிக்கா சொன்னதோட ஒத்துப்போறேன். செத்தவரோட மனைவியும் பிள்ளைங்களும் குடியிருக்கிற வீட்டை உடன்பிறந்தவர் பறிக்க முடியாது. ரெண்டுக்கு ஒண்ணு."

பியூமாவுக்குக் காதுமடல் சுட்டது. தோற்றதற்காக அல்ல. ஒரு வழக்கில் ஒருவர் கருத்து நிற்காமல் போவது சாதாரணம். பேசும்போது தன் கண் எங்கே இருந்தது என்பது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முழு நேரமும் கன்யிந்தாவின் முகத்தில் இருந்தது. முந்தின வாரம் முழுக்கக் கட்டைப் படித்தபோது, இதில் நியாயம் எது என்று கேட்டதைவிட, இதற்குக் கன்யிந்தா என்ன சொல்வார் என்றுதான் அதிகம் கேட்டிருக்கிறாள். அவர் வாயிலிருந்து வரும் என்று நினைத்ததை முந்திக்கொண்டு சொன்னாள். யாரும் அவளை வளைக்கவில்லை. தானாகவே போய் வளைந்திருக்கிறாள்.

"தீர்ப்பை நீங்க எழுதிருங்க" என்றார் கன்யிந்தா.

"நான் எதிர்த்துச் சொன்னவ ஐயா."

"கட்டு உங்க பேர்ல வந்தது. கட்டு யார்கிட்டயோ அவங்கதான் எழுதணும். உங்களுக்குன்னு தனி முறை கிடையாது."

"கடலை எடுத்துக்குங்க தாயி, ரொம்ப யோசிக்காதீங்க" என்றார் பகாஜிக்கா.

எழுதுவது சுலபமாக இல்லை. தான் நம்பாததை எழுதுகிறோம் என்ற நினைப்பில் முதலில் வந்தவை எல்லாம் செத்த வாக்கியங்கள். பிறகு வேறு வழியில் போனாள். தான் உள்ளறையில் சொன்ன வாதத்தையே லுக்குசாவின் வக்கீல் சொன்னதாக வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். அந்த வாதத்தை எவ்வளவு பலமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு பலமாகக் கட்டினாள். கட்டிய பிறகு பார்த்தால், அதனால் லாபம் லுக்குசாவுக்கு மட்டும்தான் என்று தெரிந்தது. உறவினர் என்று சட்டம் சொல்வது செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்ற நம்பிக்கையில். சேர்க்காமல் இருப்பதில் லாபம் உள்ளவன் அந்தச் சொல்லுக்குள் எப்படி வருவான்? அதை எழுதும்போது கை தயங்கவில்லை. ஆனாலும் காலக்கெடு விஷயத்தில் ஒரு நெருடல் அவளுக்குக் கடைசிவரை தீரவில்லை. நாளைக்கு இதே தீர்ப்பைக் காட்டி எத்தனை சோம்பேறிகள் வருவார்களோ என்று இருந்தது. அப்படி வராதபடி ஒரு பத்தியைச் சேர்த்தாள். கன்யிந்தா அந்தப் பத்தியின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நீக்கச் சொல்லவில்லை.

இரவு உணவின்போது புருஷன் கேட்டான். அவன் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாவுக் களியான பிதியாவைப் பிட்டுக் கீரையில் தோய்த்துக்கொண்டே, "அந்த விதவை வழக்கு என்ன ஆச்சு? நீதான் முதல்ல பேசணுமாமே. என்ன சொன்ன?" என்றான்.

"சாப்பிடுங்க."

"என்கிட்டகூடவா?"

"உங்ககிட்டகூடத்தான்."

அவன் சிரித்தான். "அப்ப நீ அந்தம்மா பக்கம்தான் பேசியிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?"

பியூமா கீரைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

தீர்ப்பு சொன்ன அன்று கன்யிந்தா நிறுத்தி நிதானமாகப் படித்தார். அவள் எழுதிய வாக்கியங்கள் அவர் குரலில் வந்தன. மிசெங்காவுக்குப் பாதி புரியவில்லை. பக்கத்திலிருந்த வக்கீல் குனிந்து காதில் சொன்னதும், அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

வெளிவாசலில் லுக்குசா காத்திருந்தான். பியூமா தன் வண்டிக்காரனைத் தேடி வந்தபோது வழியை மறிக்கவில்லை, ஆனால் காதில் விழும்படி பேசினான். "பொம்பளைக்குப் பொம்பளை. அந்தக் கிழவர் சட்டம் தெரிஞ்சவரு. அவரு மனசை யாரு மாத்தினாங்கன்னு ஊருக்கே தெரியும்."

பியூமா திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

தலைநகரில் இருக்கும் உச்சநீதிமன்றத்துக்குப் போவதாக லுக்குசா சொல்லிக்கொண்டு திரிந்தான். போகவில்லை. கொஞ்ச நாளில் பின்கட்டையும் காலி செய்துகொண்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டான்.

தீர்ப்பின் நகல் வாங்க வந்த மிசெங்கா நடைபாதையில் பியூமாவைக் கண்டு ஓடிவந்தாள். கையில் கால் கட்டிய கோழி.

"இதெல்லாம் வாங்கக் கூடாதும்மா. கொண்டு போங்க."

"உங்களுக்குத் தெரியாதா அம்மா நீங்க செஞ்சது? அந்த ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல நீங்க ஒருத்தியா நின்னு..."

"அது மூணு பேரும் சேர்ந்து குடுத்த தீர்ப்பு. என் பேரை மட்டும் தனியா சொல்லாதீங்க. கேட்டுக்குங்க, சொல்லாதீங்க."

மிசெங்கா சிரித்தாள். அடக்கத்தில் சொல்வதாக எடுத்துக்கொண்ட சிரிப்பு. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குப் பியூமா உண்மையைச் சொல்லிவிடத் துடித்தாள். "நான் உனக்கு எதிராகப் பேசியவள்" என்று. சொன்னால் மனசு இலேசாகும், ஆனால் மற்ற இருவர் என்ன சொன்னார்கள் என்பதும் அதோடு வெளியே வந்துவிடும். தெருவில் லுக்குசாக்கள் இருக்கிற ஊரில் அது யாருடைய வீட்டு வாசலுக்குப் போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? தன் பாரத்தை இறக்கி வைக்க அடுத்தவர் முதுகைத் தேடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். மிசெங்காவிடம் கிடைக்காமல் போன வசவும் கிடைத்த நன்றியும் அவள் கணக்கிலேயே தங்கின.

மழைக்காலம் முடிந்து, செம்மண் புழுதி எழத் தொடங்கிய நாட்களில், சந்தையில் மாவுக் குவியல்களுக்கு நடுவிலிருந்து மிசெங்கா அவளைக் கூப்பிட்டாள். மிசெங்காவின் மகள் முதுகில் துணியால் கட்டிய பச்சைக் குழந்தை இருந்தது.

"பொண்ணு அம்மா. அந்த வீட்டுலதான் பொறந்தா. உங்க பேரைத்தான் வச்சிருக்கோம். பியூமா."

கோழியைத் திருப்பி அனுப்பலாம். பெயரை எப்படி அனுப்புவது? மகள் துணியை அவிழ்த்துக் குழந்தையை நீட்டினாள். பியூமா கைப்பையைத் தோளில் தள்ளிவிட்டு வாங்கிக்கொண்டாள். குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகமெல்லாம் சுருக்கமாக, யாரோடோ கோபித்துக்கொண்டதுபோல இருந்தது.

"ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா. உங்களை மாதிரி வரணும்னு சொல்லுங்க."

பியூமா குழந்தையின் நெற்றியில் கை வைத்தாள். சுற்றிலும் விலை பேசும் சத்தம்.

"யாரு முகத்தையும் பார்க்காம, தனக்குப் பட்டதைச் சொல்றவளா வரட்டும்" என்றாள்.

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றாள் மிசெங்கா.

பியூமா குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு படி மாவு அளக்கச் சொல்லி, எல்லோரும் கொடுக்கும் விலையைக் கொடுத்து, மிசெங்கா கூடுதலாக அள்ளிப் போட்ட கைப்பிடியைக் குவியலிலேயே கொட்டிவிட்டு நடந்தாள்.