வெள்ளிக்கிழமைக் குளியல்

விஜயபாஸ்கர் விடிந்ததும் எழுந்தான். வெளியே வந்து கேரவனைச் சுற்றி அதன் நான்கு தாங்குகால்களையும் பார்த்தான். ஒரு கால் மணலில் இறங்கியிருந்தது. ஜாக்கியால் தூக்கி, அடியில் பலகையைச் செருகி நிமிர்த்தினான். பல் தேய்த்தான். கரியடுப்பை மூட்டி, கங்கு சிவந்ததும் டீக்குத் தண்ணீர் வைத்தான். பால் தீர்ந்திருந்தது. பால் பவுடரைக் கரைத்தான்.

உமாராணி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள். எதிரே லிவா பாலைவனத்தின் மணல்மேடுகள் அப்போதுதான் நிறம் பிடித்துக்கொண்டிருந்தன. சொல்லும்படி காற்று எழவில்லை இன்னும்.

“வீட்டையே கொக்கி போட்டு இழுத்துட்டு வந்திருக்கீங்க. இதுலயும் நான்தான் சமைக்கணும்னா இது என்னங்க டூரு?”

“இன்னைக்கு நான் சமைக்கிறேன்.”

“அதுக்கு நானே சமைச்சிரலாம்.”

கேரவன் அவர்களுடையது இல்லை. அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செய்கு முகம்மது ஓர் அரபிக்காகச் செய்தது. அரபி வேண்டாமென்று விட்டுப்போனார். அந்த வருஷம் ஹஜ் பெருநாளும் பொங்கலும் அடுத்தடுத்து வந்தன. “மூணு நாள் லீவுல ரூம்லயே கெடந்து என்ன பண்ணப் போற தம்பி, அந்தப் புள்ளயக் கூட்டிட்டுப் போ” என்று தன் பிராடோ ஜீப்பின் சாவியையும் சேர்த்துக் கொடுத்தார். தாரிஃப் கடற்கரையில் முதல் ராத்திரி. மதினத் சாயித் தாண்டி, ஒட்டகங்கள் சாலையைக் கடக்கும்வரை நிறுத்தி நிறுத்தி, மறுநாள் லிவா. வழிநெடுக உமாராணி பின்கண்ணாடியில் கேரவனையே பார்த்துக்கொண்டு வந்தாள், யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. வழியில் ஒரு கடையில் ஈச்சங்கூடை ஒன்று வாங்கினாள். எதற்கு என்று கேட்டதற்கு, “வேல இருக்கு” என்றாள்.

வேலை வெள்ளிக்கிழமைக்கானது. அபுதாபியில் மூன்று குடும்பம் பங்குபோட்ட ஃப்ளாட்டில் அவர்களுக்கு ஓர் அறை. தலைக்குக் குளித்துச் சாம்பிராணி போட்டால் கூரையிலிருக்கும் கருவி கத்தும். வாட்ச்மேன் மேலே ஓடிவருவான். ஒருமுறை அப்படி ஆகி, பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து அவள் அம்மா அனுப்பிய சாம்பிராணிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது. நேற்றும் போனில் அம்மா அதையேதான் சொன்னாள். குளிர்ல ஈரத்தலையோட இருக்காதடி, உனக்கு நீர்க்கோவை உடம்பு, நல்லாப் புகை போட்டுக் காய வை.

வெந்நீர் போட்டுக் கொடுத்தான். அவள் குளித்து வருவதற்குள் காற்று எழுந்துவிட்டது. அடுப்பில் மிச்சமிருந்த கங்குகளை அவனே இரும்புச் சட்டியில் அள்ளி உள்ளே கொண்டுபோய் வைத்தான். அவள் கூடையைக் கவிழ்த்துப் பார்த்து, அளவு சரி என்று தலையாட்டினாள்.

மணலில் ஓட்டுவதற்காகக் காற்றைக் குறைத்திருந்த டயர்களுக்குத் திரும்பக் காற்று அடிக்க வேண்டும். சாயங்காலம் கிளம்பியாக வேண்டும். பிராடோவைத் தனியாகக் கழற்றிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனான். பெருநாள் கூட்டம், காற்றடிக்கும் இடத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்துக் கஃபிட்டீரியாவில் பாலும் பரோட்டாவும் வாங்கினான். மலையாளி பையன் ஏதோ ஜோக் அடித்தான். இவனும் சிரித்தான்.

திரும்பி வந்தபோது அவள் தரைவிரிப்பில் படுத்திருந்தாள். முடி கூடையின் மேல் விரிந்து கிடந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் வராமல் பாலை ஃபிரிட்ஜில் வைத்தான். பரோட்டாவை மூடி வைத்தான். அப்புறம்தான் தனக்குத் தலை சுற்றுவது தெரிந்தது.

மறுநாள் காலை மதினத் சாயித் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், நிழலில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் செய்கு முகம்மது. சேதி கேட்டு ராத்திரியே ஓட்டிக்கொண்டு வந்தவர். கரியிலிருந்து வரும் விஷக்காற்றுக்கு வாசமே கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாம்பிராணிக்குத்தான் வாசம். சின்ன இடம், அடைத்த ஜன்னல்கள், அவளுக்குத் தூக்கம் வருவது போலத்தான் இருந்திருக்கும் என்றார்.

ஊருக்கு இறந்த சேதியை மட்டும் சொல்லியிருந்தான். எப்படி என்று இன்னும் சொல்லவில்லை. மாமனார் கார்மேகம் பத்து மணிக்கு மேல் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

“உள்ளத உள்ளபடி சொல்லிரு தம்பி” என்றார் செய்கு முகம்மது.

“சாம்பிராணின்னு சொன்னா அத்த தாங்க மாட்டாங்க பாய். அவங்கதான் போடச் சொன்னது.”

“அவங்க என்ன தெரிஞ்சா சொன்னாங்க?”

“தெரியாம சொன்னதுதான பாய் அறுத்துக்கிட்டே இருக்கும்.”

பெரியவர் செருப்பால் மணலைத் தள்ளினார். “நானும் பாத்தேன். முடியில இன்னும் வாசம் இருக்கு. அங்க பெட்டியத் திறந்தா பெத்தவளுக்குத் தெரியாதா?”

“கெடாம இருக்க மருந்து போடுவாங்க. அந்த நெடியில எல்லாம் போயிரும்.”

சொன்னபின் அந்த வாக்கியம் அவன் வாயிலேயே நின்றது. செய்கு முகம்மது எழுந்துபோய்த் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தார்.

போன் அடித்தது. முதலில் கார்மேகம். எப்படிய்யா ஆச்சு என்று கேட்டார்.

“குளுரு ஜாஸ்தியா இருந்துச்சு மாமா. வண்டிக்குள்ள கரிய வச்சிருந்தேன். அந்தப் புகைதான்.”

“நீயா வச்ச?”

“ஆமா மாமா. நான்தான்.”

பின்னால் யாரோ ஒப்பாரி வைக்கும் சத்தம் வந்தது.

“அடச்ச எடத்துல கரிய வைப்பாங்களாய்யா? இஞ்சினீயருக்குப் படிச்சவன்தான நீ?”

“தப்புத்தான் மாமா.”

“எம்புள்ளய உன்ன நம்பித்தான அனுப்புனேன்.”

செய்கு முகம்மது அவன் முழங்காலில் கையை வைத்தார், எடுக்கவில்லை. போன் கை மாறியது. மாமியார் சீதாலட்சுமி அழவில்லை. அழுது முடித்திருந்த குரல்.

“மாப்ள.”

“சொல்லுங்கத்த.”

“சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“நேத்து வெள்ளிக்கெழமையாச்சே. தலைக்கு ஊத்துனாளா?”

அவன் எதிர்ச்சுவரைப் பார்த்தான். சுவரில் ஒன்றுமில்லை.

“இல்லத்த. தண்ணி கம்மியா இருந்துச்சு. குளிக்கல.”

“சாம்பிராணி போடுடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். குளிக்கவே இல்லையா.” மூச்சு விட்டாள். “அழுக்குத் தலையோட போயிருச்சே எம்புள்ள.”

செய்கு முகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இங்க வரட்டும் மாப்ள. நான் குளிப்பாட்டி விடுறேன். நீங்க பத்திரமாக் கொண்டாந்து சேத்துருங்க.”

“சரிங்கத்த.”

“மாமா பேசுனத மனசுல வச்சுக்காதீங்க. அவருக்கு வேற யாரத் திட்டத் தெரியும்?”

“ம்.”

“கடேசியா என்ன சொன்னா மாப்ள? ஏதாவது சொன்னாளா? இங்க எல்லாரும் கேக்குறாங்க.”

ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, இவர்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

“அம்மாகிட்ட பேசணும்னா. சாயங்காலம் போற வழியில போன் போட்டுத் தாங்கன்னு சொன்னா.”

“அப்பிடியா சொன்னா?”

“ஆமாத்த.”

“அப்பிடியா சொன்னா” என்றாள் மறுபடியும், இந்தமுறை யாரிடமோ திரும்பி. அந்தப் பக்கம் இரண்டு மூன்று குரல்கள் அதையே வாங்கிச் சொல்லின. தொடர்பு அறுந்தது.

செய்கு முகம்மது தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். ஒரு வாய் குடித்தான். “நெசமா அப்டித்தான் சொன்னுச்சா தம்பி?” என்று கேட்டார்.

அவன் பாட்டிலை மூடினான்.

நேற்று கையில் பிராடோ சாவியோடு அவன் கேரவன் படியில் இறங்கியபோது, உள்ளே அவள் மண்டிபோட்டுக் கங்குகளை ஊதிக்கொண்டிருந்தாள். ஈரமுடி முன்னால் விழுந்து முகம் தெரியவில்லை. நிமிராமலே சொன்னாள்.

“ஏங்க, கதவ நல்லாச் சாத்திட்டுப் போங்க. மண்ணா வருது.”